குண்டுவெடிப்புக்குப் பின் விடாத தலைவலி: அமெரிக்க ராணுவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் தமிழ்ப் பிள்ளைகளா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009 முதல் 2016 வரை மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் சட்டப்படி அங்கே தங்கியிருந்து, ராணுவத்துக்கு வேண்டிய மொழி ஒன்று தெரிந்திருந்தால் சேரலாம், குடியுரிமையும் சீக்கிரம் கிடைக்கும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. படிக்க வந்த பையன்கள் சிலர் அப்படிச் சேர்ந்தார்கள், என் தங்கை மகனும் சேர்ந்தான். ஆப்கானிஸ்தானில் அவன் போய்க்கொண்டிருந்த வண்டிக்குப் பக்கத்தில் சாலையோரக் குண்டு வெடித்தது. கை கால் எல்லாம் முழுசாக இருந்தது. தலைவலி மட்டும் கூடவே வந்தது.

நான் நர்ஸ். அவன் எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் படித்தது, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, வேலையில் பார்த்தது எல்லாவற்றையும் வைத்து, அப்புறம் போன் செய்து கேட்ட மற்ற குடும்பங்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

ரிப்போர்ட்டில் 'மைல்டு' என்று போட்டிருக்கிறார்கள். லேசான காயம் என்றால் ஏன் இவ்வளவு வலி?

எல்லோரும் தடுக்கி விழும் இடமே இந்தச் சொல்தான். மூளைக் காயத்தை லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பிரிப்பது அடிபட்ட அன்று இருந்த நிலையை வைத்து. நினைவு தப்பியிருந்தால் அது 30 நிமிடத்துக்குள், குழப்பமோ மந்தமோ இருந்தால் 24 மணி நேரத்துக்குள், நடந்தது ஞாபகம் இல்லாமல் போனால் அதுவும் 24 மணி நேரத்துக்குள், எவ்வளவு விழிப்பாக இருக்கிறான் என்று அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 15-க்கு 13 அல்லது அதற்கு மேல், ஸ்கேனில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை. இவ்வளவும் பொருந்தினால் 'மைல்டு'. சாதாரணப் பேச்சில் கன்கஷன்.

ஆக அந்தச் சொல் முதல் நாளைப் பற்றியது. மூன்றாம் மாதம் அவன் தலை எப்படி வலிக்கும் என்று அது எதையும் சொல்லவில்லை. சொல்லப்போனால் பெரிய தலைக்காயம் பட்டவர்களைவிட லேசான காயம் பட்டவர்களே நாள்பட்ட தலைவலியை அதிகம் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

தலையில் எதுவுமே படவில்லை, குண்டு கொஞ்சம் தள்ளித்தான் வெடித்தது என்கிறான். அப்படியும் மூளைக்கு அடிபடுமா?

படும். குண்டு வெடிக்கும்போது சிதறல் பறந்து வருவதற்கு முன்பே அழுத்த அலை ஒன்று காற்றில் கிளம்பிவிடுகிறது. உடம்பையும் மண்டையையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் அழுத்திக் கடந்துபோகும். காது சவ்வு கிழிவதும் இதனால்தான். ஹெல்மெட் சிதறலையும் மண்டையில் நேராக விழும் அடியையும் தாங்கச் செய்தது. காற்றோடு வரும் அழுத்தம் அதற்குள்ளும் புகும். அதற்கடுத்து ஆளைத் தூக்கி வண்டியின் கதவிலோ சுவரிலோ அடிக்கும், அப்போது கழுத்து சாட்டை மாதிரி முன்னும் பின்னும் சொடுக்கும். ஒரே வெடிப்பில் மூளையும் கழுத்தும் சேர்ந்தே காயப்படுவதால், பின்னால் வரும் தலைவலியில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதில்லை.

'எனக்கு ஒன்றுமில்லை' என்று வீரர்கள் எழுந்து போய்விடுவது அமெரிக்க ராணுவத்துக்கும் பெரிய தலைவேதனையாக இருந்தது. அதனால் 2010-ல் விதியே கொண்டுவந்தார்கள்: வெடிப்பு நடந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவரை, அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அதற்கு முன்னால் போய்வந்தவர்கள் பலருக்கு ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. உங்கள் பிள்ளை அந்தக் காலத்தவன் என்றால், பக்கத்தில் இருந்த நண்பர்கள் என்ன பார்த்தார்கள் என்று இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தலைவலிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அல்-அசாத் கதையைச் சொல்லுங்கள். 2020 ஜனவரி 8 அன்று, ஈரான் தளபதி சுலைமானியை அமெரிக்கா கொன்றதற்குப் பதிலடியாக ஈரான், ஈராக்கில் அமெரிக்கப் படை இருந்த அல்-அசாத் விமானதளத்தின் மீது பாலிஸ்டிக் ஏவுகணைகளை வீசியது. முன்கூட்டியே தகவல் கிடைத்ததால் பலர் பதுங்கு குழிகளில் இருந்தார்கள், யாரும் சாகவில்லை. அமெரிக்கர் யாருக்கும் காயமில்லை என்றுதான் மறுநாள் உலகமே கேட்டது.

ஒரு வாரம் கழித்து 11 பேரை ஜெர்மனிக்கும் குவைத்துக்கும் சிகிச்சைக்கு அனுப்பியதாகச் செய்தி வந்தது. ஜனவரி 22 அன்று டாவோஸில் அதைப் பற்றிக் கேட்டபோது அதிபர் டிரம்ப், அவர்களுக்குத் தலைவலியும் வேறு ஒன்றிரண்டும் என்று கேள்விப்பட்டதாகவும், அது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்றும் சொன்னார். முன்னாள் படைவீரர்களின் பெரிய சங்கங்களில் ஒன்றான வி.எஃப்.டபிள்யூ. மன்னிப்புக் கேட்கச் சொன்னது. எண்ணிக்கை 34 ஆனது, 50 ஆனது, 64 ஆனது, பிப்ரவரியில் 100-ஐத் தாண்டியது. கடைசிக் கணக்கு 110. எல்லாமே மூளைக் காயம், ரத்தம் சிந்தாத காயம். முதலில் 29 பேருக்கு, போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கொடுத்தார்கள். இன்னும் 39 பேருக்கு அது கிடைக்க 2021 டிசம்பர் வரை ஆனது.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 'தலைவலிதானே' என்று ஒரு வார்த்தை மேலிருந்து விழுந்தால், கீழே இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பையன் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டான்.

இன்னொன்றும் சொல்லலாம். ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 வீரர்களிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கன்கஷனுக்குப் பின் வரும் உடல் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு பி.டி.எஸ்.டி.யும் (பயங்கர அனுபவத்துக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) மனச்சோர்வுமே காரணமாகத் தெரிந்தன. அந்த இரண்டையும் கணக்கில் கழித்த பிறகும் மூளைக் காயத்தோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஒரே தொல்லை தலைவலி. எல்லாம் மனசில்தான் என்று கையை உதறுகிறவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

போருக்குப் போகாதவனுக்கும் வருமா?

வரும். அமெரிக்க ராணுவத்தில் 2000-க்குப் பிறகு பதிவான மூளைக் காயங்கள் 4 லட்சத்துக்கும் மேல், அதில் 100-க்கு 80-க்கும் மேல் லேசானவை. பெரும்பகுதி போர்முனையில் நடந்தது இல்லை. பயிற்சி, வாகன விபத்து, விளையாட்டு, பாராசூட்டில் சரியாக இறங்காமல் போவது, கீழே விழுவது.

தோளில் வைத்துச் சுடும் கனரக ஆயுதங்கள், மோர்ட்டார், பீரங்கி, கதவை வெடிவைத்துத் தகர்க்கும் வேலை, இவற்றில் இருப்பவர்கள் ஒரு பெரிய வெடிப்பையும் சந்திக்காமலேயே நூற்றுக்கணக்கான சின்ன அழுத்த அலைகளை வாங்குகிறார்கள். 2024 ஆகஸ்டில்தான் பென்டகன் இதற்கு வரம்பு சொல்லி உத்தரவு போட்டது: சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகும் இடங்களில் ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், சுடும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ரொம்பத் தாமதம். வந்தவரைக்கும் நல்லது.

அந்த வலி எப்படி இருக்கும்? சாதாரணத் தலைவலிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரே மாதிரி இருக்காது, பலருக்கு இரண்டு மூன்று வகை கலந்தே வரும்.

அதிகம் பார்ப்பது ஒற்றைத் தலைவலி சாயல்: பொட்டில் விண்விண் என்று தெறிக்கும், வெளிச்சம் கூசும், சத்தம் தாங்காது, குமட்டும், மாடிப்படி ஏறினால் கூடும். இன்னொன்று தலையைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கியது போல, மந்தமாக, நாள் முழுக்க. மூன்றாவது கழுத்திலிருந்து கிளம்புவது: பிடரியில் ஆரம்பித்து ஒரு பக்கமாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும், கழுத்தைத் திருப்பினால் அதிகமாகும். சிலருக்குப் பின்மண்டையில் கரண்ட் அடித்தது போல வெட்டி வெட்டி இழுக்கும், அது அங்கிருக்கும் நரம்பின் வலி.

ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய, கன்கஷன் ஏற்பட்டிருந்த ஏறக்குறைய 1000 அமெரிக்க வீரர்களைக் கேட்டு 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. போர்முனையில் இருந்த கடைசி 3 மாதத்தில் 100-க்கு 98 பேருக்குத் தலைவலி வந்திருந்தது. 37 பேருக்கு அது அடிபட்ட ஒரு வாரத்துக்குள் ஆரம்பித்த தலைவலி, அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். சும்மா டென்ஷன் தலைவலி என்று ஒதுக்காமல், ஒற்றைத் தலைவலிக்கான மருந்துகளை டாக்டர்கள் யோசிப்பது இதனால்தான்.

எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மைக்ரோவேவில் மணி காட்டும் பச்சை எழுத்து இருக்கிறதே, அதன் மேல் அவன் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். ராத்திரி தண்ணீர் குடிக்க வரும்போது அந்தச் சின்ன வெளிச்சம்கூட ஊசி மாதிரி இறங்குகிறது என்றான். எவர்சில்வர் தட்டைச் சிங்க்கில் போட்டால் தோள் இரண்டும் காதுவரை ஏறும். தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். இத்தனைக்கும் 'எப்படி இருக்கே' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன் பெரியம்மா' என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. அதனால் வாயைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். அப்படியானால் நடிக்கிறானா?

இல்லை. சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். லேசான காயத்தில் பழுதாவது நரம்பு செல்களின் நீண்ட இழைகள், செல்லின் எரிசக்திக் கணக்கு, ரசாயனச் சமநிலை. அவை அந்தப் படத்தில் விழாது. வயரிங்கில் கோளாறு இருக்கும் வீட்டை வாசலில் நின்று போட்டோ எடுத்தால் வீடு நன்றாகத்தானே தெரியும்?

அடிபட்ட பிறகு முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்ச்சி கொடுக்கும் முப்பெருநரம்பு உசுப்பப்பட்டு, சி.ஜி.ஆர்.பி. என்ற வலிப் புரதம் அதிகமாகச் சுரக்கிறது, ஒற்றைத் தலைவலியிலும் இதே பாதைதான் வேலை செய்கிறது. நாள்பட வலிக்க வலிக்க மூளையின் வலிக் கம்பிகள் லேசான தூண்டுதலுக்கே மணி அடிக்கப் பழகிவிடுகின்றன.

காயம் இருந்ததற்கான தடயத்தை ரத்தத்தில் தேடும் சோதனையும் வந்திருக்கிறது. மூளை செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் இரண்டு புரதங்களை அளக்கும் சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018-ல் அனுமதி கொடுத்தது, அதை உருவாக்க உதவியதே ராணுவத்தின் பணம். ஆனால் அது அடிபட்ட முதல் மணி நேரங்களில் சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்கத்தான். வருடம் கழித்து வரும் தலைவலிக்கு அது விடை சொல்லாது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வெடிப்பைச் சந்தித்து பின்னால் இறந்துபோன வீரர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஸ்கேனில் தெரியாத தழும்புகள் மூளைத் திசுவும் திரவமும் சந்திக்கும் ஓரங்களில் இருந்தன. நம்பாதவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

எப்போது உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும்?

அடிபட்ட பின் தலைவலி மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருந்தால். வலிப்பு, பேச்சுக் குளறல், கை கால் ஒரு பக்கம் சோர்வு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், வழக்கத்துக்கு மாறான வெறித்தனம், இதில் ஒன்று போதும், 911. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் உஷார்.

மாதங்கள் கழித்தும் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. மின்னல் வெட்டியது போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. எழுந்து நின்றால் வலித்து, படுத்தால் குறையும் தலைவலி, அது மூளைத் திரவம் எங்கோ கசிகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம், இதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மற்ற தொல்லைகளின் கூட்டத்தில் தவறிவிடும்.

முதல் சில நாட்கள் இருட்டறையில் படுக்க வைக்க வேண்டுமா?

முதல் ஓரிரு நாள் ஓய்வு சரி. போன், கம்ப்யூட்டர், வீடியோ கேம் குறைக்கலாம். ஒரு வாரம் பத்து நாள் என்று இருட்டில் அடைத்து வைப்பது பழைய வழக்கம், அது ஆளை இன்னும் மந்தமாக்கும். ராணுவத்தில் இப்போது ஆறு படிகளாக வேலைக்குத் திரும்பச் சொல்கிறார்கள்: ஓய்வு, வீட்டு நடமாட்டம், லேசான உடற்பயிற்சி, இப்படி ஏறி, தொல்லை கூடினால் ஒரு படி இறங்கி, மறுபடி ஏறுவது.

வலிக்கு முதல் 48 மணி நேரத்தில் பாராசிட்டமால், அமெரிக்கக் கடைகளில் டைலெனால். இபுப்ரோஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு.

மாத்திரை போட்டுப் போட்டும் குறையவில்லை. இன்னும் கூடுதல் டோஸ் கேட்கலாமா?

முதலில் எண்ணுங்கள். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறான்?

இபுப்ரோஃபன், பாராசிட்டமால் போன்றவை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை, அபின் சார்ந்த ஓபியாய்டு வகை, கஃபீன் சேர்ந்த கலவை மாத்திரைகள் 10 நாளோ அதற்கு மேலோ, இது 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலி கொடுக்க ஆரம்பிக்கும். வலி வருகிறது, போடுகிறான், அடங்குகிறது, இறங்கியதும் மறுபடி வலி, மறுபடி மாத்திரை. ராணுவத்தில் 800 மில்லிகிராம் இபுப்ரோஃபனுக்கு 'ரேஞ்சர் கேண்டி', 'வைட்டமின் எம்' என்றெல்லாம் செல்லப் பெயர். முட்டி வலித்தாலும் அதுதான், முதுகு வலித்தாலும் அதுதான். அதனால் அதை மருந்து என்றே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். டாக்டர் 'என்ன மருந்து எடுக்கிறாய்' என்று கேட்டால் 'எதுவும் இல்லை' என்று என் தங்கை மகன் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் பையில் இருந்த டப்பாவை நான்தான் எடுத்து மேஜையில் வைத்தேன், 200 மாத்திரை டப்பா, அடியில் கொஞ்சம் மிச்சம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

நிறுத்தும்போது முதல் ஒன்றிரண்டு வாரம் வலி அதிகமாகும், இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பயம் இருக்காது. வெறும் வலி மாத்திரை என்றால் ஒரேயடியாகவும் நிறுத்தலாம், ஓபியாய்டோ பார்பிட்யுரேட் என்ற மயக்க மருந்து கலந்த மாத்திரையோ என்றால் டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான். அந்த இரண்டு வகையையும் இந்தத் தலைவலிக்கு ஆரம்பிக்காமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

தினமும் போடும் தடுப்பு மாத்திரை என்கிறார்களே, அது என்ன?

வலி வந்தபின் போடுவது ஒன்று, வராமலிருக்கப் போடுவது இன்னொன்று. குண்டுவெடிப்புத் தலைவலிக்கென்றே அங்கீகரித்த தனி மருந்து இன்றுவரை கிடையாது. அந்த வலி எந்த வகைபோல இருக்கிறதோ அதற்குரிய மருந்தைக் கொடுக்கிறார்கள்.

அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் ராத்திரியில் போட்டால் தூக்கமும் சேர்ந்து வரும், காலையில் வாய் உலரும். புரோப்ரனலால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். டோபிராமேட் ஒற்றைத் தலைவலிக்குப் பெயர் போனது. ஆனால் சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும் பக்கவிளைவு அதற்கு உண்டு, ஏற்கெனவே கன்கஷனால் சொல் தேடுகிறவனுக்கு அது எவ்வளவு கலக்கத்தைக் கொடுக்கும் என்று யோசியுங்கள். கர்ப்பத்துக்கும் ஆகாது, ராணுவத்தில் இருக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் மாதாந்தர ஊசிகளும், 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் போடாக்ஸும் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுபவை, அந்தச் சாயல் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கழுத்து வலிக்குப் பிசியோதெரபியும், பின்மண்டை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசியும் உண்டு.

எந்தத் தடுப்பு மருந்துக்கும் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். பத்து நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

தூக்கமே இல்லை, கெட்ட கனவு, திடுக்கிட்டு எழுகிறான். இதற்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு. தூங்காத இரவுக்கு மறுநாள் வலி வரும், வலி வந்த இரவு தூக்கம் வராது. பி.டி.எஸ்.டி.யும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்.

இங்கே எனக்கு மிகவும் நம்பிக்கை கொடுத்த ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். சான் அன்டோனியோவில், மூளைக் காயத் தலைவலியும் பி.டி.எஸ்.டி.யும் சேர்ந்து இருந்த 193 முன்னாள் வீரர்களை வைத்து நடத்தி, 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தலைவலிக்கென்று அமைத்த மனப்பயிற்சி சிகிச்சை, சில அமர்வுகள்தான்: உடம்பைத் தளர்த்துவது, வலியைக் கிளப்பும் காரணங்களைக் கவனிப்பது, வலிக்குப் பயந்து விட்டுவிட்ட வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுப்பது. தலைவலியால் வாழ்க்கை முடங்குவது குறைந்தது. யாரும் எதிர்பார்க்காதது, பி.டி.எஸ்.டி.யும் அதற்கென்றே உள்ள நீண்ட சிகிச்சைக்கு ஈடாகக் குறைந்தது. மனநல டாக்டர் என்றாலே முகத்தைத் திருப்பும் பையன்களிடம் 'தலைவலிக்குப் போகிறாய்' என்று சொல்ல முடிகிறது பாருங்கள், அதுவே பெரிய கதவு.

குறட்டையும் மூச்சுத் தடையும் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். காலையில் எழும்போதே தலைவலியோடு எழுந்தால் கட்டாயம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற மாதிரிப் பேச்சு ஏதாவது வந்தால் அதற்குக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 988 அழைத்து 1 அழுத்தினால் வீரர்களுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும். குடும்பத்தாரும் அழைக்கலாம்.

காபி குடிக்கலாமா? தைலம் தேய்க்கலாமா?

காபி அளவோடு, தினமும் ஒரே நேரத்தில், மதியத்துக்கு மேல் வேண்டாம். எனர்ஜி டிரிங்க்தான் ஆபத்து. ஆப்கானிஸ்தானில் 2010-ல் எடுத்த கணக்கெடுப்பில் போர்ப்படையினரில் 100-க்கு 45 பேர் தினமும் ஒன்றாவது குடித்தார்கள், 14 பேர் மூன்றோ அதற்கு மேலோ. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வருகிறது. படக்கென்று நிறுத்தினாலும் தலைவலி வரும், வாரத்துக்கு ஒன்று என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தைலம், சுக்குப் பத்து, நல்லெண்ணெய் எல்லாம் தாராளமாக. ஆனால் அவன் விரும்பினால் மட்டும். ஒற்றைத் தலைவலி சாயல் உள்ளவர்களுக்கு அந்தக் கற்பூர வாசனையே குமட்டலைக் கிளப்பும். என் தங்கை ஊரிலிருந்து அன்போடு அனுப்பிய தைலத்தை அவன் திறக்கவே இல்லை, ஈரத்துணியை ஃப்ரீசரில் வைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டதுதான் அவனுக்குக் கேட்டது.

சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மறைக்கிறான். என்ன செய்வது?

அந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ளாதீர்கள். விமானி, பாராசூட் படை, சிறப்புப் படை என்றால் உண்மையிலேயே கொஞ்ச காலம் தரையில் உட்கார வைப்பார்கள். ஆனால் முதல் கன்கஷன் ஆறும் முன் இரண்டாவது ஒன்று விழுந்தால் தொல்லைகள் நீளும். ராணுவ விதியிலேயே, 12 மாதத்தில் இரண்டு என்றால் கூடுதல் ஓய்வு, மூன்று என்றால் முழுமையான பரிசோதனை முடியும்வரை பணிக்கு அனுப்பக் கூடாது. ரிப்போர்ட்டில் பதியாத கன்கஷனுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது, பின்னால் உதவித்தொகையும் கிடைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் வேலை செய்தது இந்தக் கடைசி வாதம்தான்.

வி.ஏ. உதவித்தொகையில் தலைவலிக்கு என்ன உண்டு?

முன்னாள் படைவீரர் துறை, அதாவது வி.ஏ., தலைவலியை ஒற்றைத் தலைவலிக்கான பிரிவில் வைத்து 0, 10, 30, 50 சதவீதம் என்று மதிப்பிடுகிறது. அங்கே முக்கியமான கேள்வி, ஆளைப் படுக்கையில் தள்ளும் தாக்குதல் எத்தனை முறை என்பது. சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் 10, மாதம் ஒன்று என்றால் 30, அடிக்கடி நீண்ட நேரம் வந்து பிழைப்பையே கெடுத்தால் 50. 'எப்போதும் வலிக்கிறது' என்று சொன்னால் தேறாது. எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் படுத்தான், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று எழுதிக் காட்ட வேண்டும்.

எப்போது சரியாகும்?

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்து, மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் போனால் நீடித்த தலைவலி என்று பெயர் மாறும், மருத்துவ இலக்கணப்படி. முன்பே ஒற்றைத் தலைவலி இருந்தவர்கள், வீட்டில் யாருக்காவது அது உள்ளவர்கள், பெண்கள், பலமுறை கன்கஷன் பட்டவர்கள், பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள், இவர்களுக்கு நீடிக்கும் வாய்ப்பு அதிகம். நீடித்தாலும் மாதத்தில் 25 நாள் வலி 8 நாளாவது பெரிய வெற்றி. முழுசாகப் போகவில்லையே என்று அந்த 17 நாளை யாரும் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

ஒரு நோட்டு வாங்குங்கள். ஆப் வேண்டாம், திரையைப் பார்த்தாலே வலிக்கிறவனிடம் ஆப்பைக் கொடுத்து என்ன செய்ய. நாளுக்கு ஒரு வரி: வலி வந்ததா, பத்துக்கு எத்தனை, எந்த இடம், எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை எத்தனை, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூக்கம். அவ்வளவுதான். அவனே எழுத வேண்டும். எழுத முடியாத நாளில் ஒரு கோடு போட்டால் போதும், அதுவும் ஒரு தகவல்தான்.

'இன்னைக்கு எப்படி இருக்கு' என்று மணிக்கொரு தரம் கேட்காதீர்கள். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள், ஹாலில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கைப் போடுங்கள், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் வெறும் கோடுகள்தான், 19 கோடுகள். ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'வலி 2, பிரியாணி செய்தேன்' என்று எழுதியிருந்தான். வெங்காயம் தாளித்தது அவன்தான்.